மஞ்சள் மாத்திரை மறதியைத் தடுக்குமா? கடிதம் எழுதிய ஆசிரியைக்குப் பதில்

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். வயது 61. பதினான்கு வருடமாகச் சர்க்கரை நோய், பிறந்ததிலிருந்து சைவம். மெட்ஃபார்மின் 1000 மி.கி. காலை, இரவு என்று பதினோரு வருடமாகச் சாப்பிடுகிறார். அதோடு காலையில் கிளிமிபிரைடு என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. கடைசியாகப் பார்த்த மூன்று மாதச் சராசரி சர்க்கரை, அதாவது எச்பிஏ1சி, 8.4. ரத்த அழுத்தம் 150/90. பாதத்தில் எரிச்சல், இரவில் அதிகம்.

அவருடைய பயம் மறதி. அம்மாவுக்கு மறதி நோய் வந்து, ஆறு வருடம் இவரே பார்த்துக்கொண்டு, எட்டு மாதம் முன்பு அம்மா இறந்துவிட்டார். "ரிஜிஸ்டரைத் திறக்காமலே 43 பிள்ளைகள் பெயரையும் வரிசையாகச் சொன்னவள் நான். இப்போது பக்கத்து வீட்டுப் பெண் பெயர் நாக்கில் நிற்கிறது, வரமாட்டேன் என்கிறது" என்று எழுதியிருக்கிறார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தது இரண்டு முறை. 'மறதி நோய் என்பது மூன்றாம் வகை சர்க்கரை நோய்' என்று ஒரு வீடியோவில் பார்த்து, மாதம் 2,400 ரூபாய்க்குக் குர்குமின் (மஞ்சளில் இருக்கும் சத்து) கேப்ஸ்யூல் வாங்குகிறார், மிளகுச் சாறு சேர்த்தது. கூடவே வல்லாரைப் பொடி. காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் பாகற்காய் ஜூஸ். 'மூளை சுத்தமாகும்' என்பதற்காகக் காலைச் சாப்பாட்டை நிறுத்தி மதியம்தான் சாப்பிடுகிறார். இதையெல்லாம் ஆரம்பித்த பிறகு இரண்டு முறை 11 மணி வாக்கில் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மளிகைக் கடையில் எதற்கு வந்தோம் என்றே தெரியாமல் நின்றிருக்கிறார். கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், அவரும் அதே கேப்ஸ்யூலைச் சாப்பிடுகிறார். கேள்வி மூன்று: கேப்ஸ்யூல் மூளையைக் காப்பாற்றுமா, அளவைக் கூட்டலாமா, கிட்னியைக் கெடுக்கும் மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டு மூலிகைக்கே மாறிவிடலாமா?

டீச்சர், உங்கள் கடிதத்தில் என்னை உடனே நிறுத்தியது குர்குமின் இல்லை, அந்த மளிகைக் கடை. அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நீங்கள் அதை மறதி நோயின் தொடக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சர்க்கரை இறங்கிப்போனதாகத்தான் தெரிகிறது. கிளிமிபிரைடு நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது, கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே விட்டுவிடும். அந்த மாத்திரையைப் போட்டுவிட்டு இட்லியும் சாப்பிடாமல், மேலே சர்க்கரையைக் குறைக்கக்கூடிய பாகற்காய் ஜூஸும் குடித்தால் 11 மணிக்கு வியர்வையும் நடுக்கமும் வருவது எதிர்பார்க்க வேண்டியதே. மூளை சாதாரண நேரத்தில் ஏறக்குறைய முழுக்க முழுக்கக் குளுக்கோஸை நம்பியே ஓடுகிறது. அது குறைந்தால் முதலில் தடுமாறுவது யோசனை, அதனால்தான் எதற்கு வந்தோம் என்பது தெரியாமல் போனது.

2009-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 16,667 சர்க்கரை நோயாளிகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு வெளிவந்தது. சர்க்கரை இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்கு மூன்று முறையோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு, அப்படி ஆகாதவர்களைவிடப் பின்னாளில் மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. எது காரணம் எது விளைவு என்று இந்த வகை ஆய்வு முடித்துச் சொல்லாது. ஆனால் மூளையைக் காப்பாற்ற என்று ஆரம்பித்த பட்டினி அதே மூளையைத்தான் பட்டினி போடுகிறது என்பதற்கு எனக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். நாளையிலிருந்து காலைச் சாப்பாடு கட்டாயம். சாப்பிடாமல் கிளிமிபிரைடு போடவே கூடாது. வெறும் வயிற்றுப் பாகற்காய் ஜூஸை நிறுத்துங்கள், பாகற்காயைப் பொரியலாகச் சாதத்தோடு சாப்பிடுங்கள். மறுபடி அப்படி வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள், 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மீட்டர் கையில் இல்லையென்றால் முதலில் குடியுங்கள், பிறகு பார்க்கலாம். உங்கள் டாக்டரிடம் இந்த வாரமே இந்த இரண்டு சம்பவத்தையும் சொல்லுங்கள். கிளிமிபிரைடு அளவைக் குறைப்பதா, சர்க்கரையை இந்த அளவுக்கு இறக்காத வேறு மாத்திரைக்கு மாறுவதா என்பது அவர் முடிவு.

மெட்ஃபார்மினும் பி12-ம்

மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்காது. கிட்னி ஏற்கெனவே நன்றாகப் பலவீனமாகிவிட்டால் அந்த மாத்திரை உடம்பில் தங்கிவிடும் என்பதால் அளவைக் குறைப்போம் அல்லது நிறுத்துவோம். 'கிட்னி கெட்டதும் டாக்டர் மெட்ஃபார்மினை நிறுத்தினார்' என்று ஒருவர் சொன்னது, வாய் மாறி வாய் வந்து 'மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுத்தது' என்று ஆகிவிட்டது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினும் இ-ஜிஎஃப்ஆரும் வருடம் ஒருமுறையாவது பார்த்துக்கொண்டால் போதும். 8.4-ல் இருக்கும்போது நீங்களாக நிறுத்தினால் அது 10-க்கு மேல் போவதற்கு ரொம்ப நாள் ஆகாது.

ஆனால் மெட்ஃபார்மின் வேறொன்று செய்யும், அது உங்கள் கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது. வைட்டமின் பி12 குடலில் உறிஞ்சப்படுவதை அது குறைக்கும். அதிக அளவில், பல வருடம் சாப்பிடுபவர்களுக்கு இது கூடுதல். கல்லீரலில் இருக்கும் கையிருப்பு சில வருடங்களுக்குத் தாங்கும் என்பதால் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. பி12 செடிகொடிகளில் கிடையாது. சைவம் சாப்பிடுபவருக்குப் பாலும் தயிரும் மோரும்தான் வழி. பதினோரு வருட மெட்ஃபார்மின், அறுபது வருடச் சைவம், பாத எரிச்சல், மறதி. இந்த நான்கையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்தால் எந்த டாக்டரும் முதலில் பி12 பார்க்கத்தான் எழுதுவார். பாத எரிச்சலைச் சர்க்கரையின் தலையில் போட்டுவிட்டு விட்டுவிடுகிறோம். அது பி12 குறைவாலும் வரும், இரண்டும் சேர்ந்தும் வரும். ரத்தசோகை இல்லையே என்று இருந்துவிட முடியாது, ஹீமோகுளோபின் நன்றாக இருக்கும்போதே நரம்பும் நினைவும் பாதிக்கப்படலாம்.

பெரும்பாலான லேப்களில் பி12 அளவு 200-க்குக் (pg/mL) கீழே என்றால் குறைவு, 200 முதல் 300 வரை சந்தேகம். குறைவாக இருந்தால் ஊசியோ அதிக அளவு மாத்திரையோ கொடுப்பார்கள், மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டியதில்லை. பி12 குறைவால் வந்த மறதி சீக்கிரம் கண்டுபிடித்தால் நன்றாகவே திரும்பும், நாள் போகப் போகத் திரும்புவது குறையும். மாதம் 2,400 ரூபாய் கேப்ஸ்யூலுக்குப் போகிறது, இந்தப் பரிசோதனையோ பதினான்கு வருடத்தில் ஒருமுறையும் நடக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது, உங்கள் மேல் இல்லை, உங்களை இத்தனை வருடம் பார்த்த, என்னைப் போன்ற டாக்டர்கள் மேல்.

சரி, குர்குமின்

வீடியோவில் சொன்னது முழுப்பொய் இல்லை. அதனால்தான் அது நம்ப வைக்கிறது.

மூளை நம் எடையில் இரண்டு சதவீதம்தான், ஆனால் உள்ளே போகும் ஆக்சிஜனில் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும், அதாவது ஆக்சிஜன் சேர்ந்து கெட்டுப்போகும் கொழுப்பு அதில் அதிகம். ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக நிற்கும்போது செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா அதை வேகமாக எரித்து, தீப்பொறி மாதிரி ஆக்சிஜன் துணுக்குகளை வெளியே விடும், அவை கொழுப்பையும் புரதத்தையும் அரிக்கும். சர்க்கரை புரதத்தோடு நேராக ஒட்டிக்கொண்டு அதைக் கெட்டியாக்கும், எச்பிஏ1சி என்று நாம் பார்ப்பதும் ஹீமோகுளோபினில் அப்படி ஒட்டிய சர்க்கரையைத்தான். மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் தடித்துப்போகும். இரண்டாம் வகை சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அதற்காக இதை 'மூன்றாம் வகை சர்க்கரை நோய்' என்பது சரியில்லை, சில ஆராய்ச்சியாளர்கள் வைத்த பெயர் அது, மருத்துவ வகைப்பாட்டில் இடம் பெறவில்லை.

அடுத்த படியில்தான் வீடியோ தாவுகிறது. 'ஆக்சிஜனேற்றம் கெடுக்கிறது, குர்குமின் அதைத் தடுக்கிறது, ஆகவே குர்குமின் மூளையைக் காக்கும்.' இதைக் காட்டிய சோதனைகளில் பெரும்பாலானவை எலிகளில் நடந்தவை. ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற மருந்தைச் செலுத்தி எலியின் கணையத்தைக் கெடுத்துச் சர்க்கரை நோயை உண்டாக்குவார்கள், பிறகு குர்குமின் கொடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் மறைத்து வைத்த மேடையை அது எவ்வளவு வேகமாகக் கண்டுபிடிக்கிறது என்று பார்ப்பார்கள். எலிகள் தேறின, நிஜம்தான். 2007-ல் இந்தியாவிலிருந்து வந்த அப்படி ஓர் ஆய்வில் கொடுத்த அளவு எலியின் எடையில் கிலோவுக்கு 60 மி.கி. எலிக்கும் மனிதருக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்து, 65 கிலோ எடையுள்ளவருக்கு மாற்றினால் நாளுக்கு 600 மி.கி.க்குக் கொஞ்சம் மேலே வரும். மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் மூன்று சதவீதம்தான், ஆக 20 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள், தினமும். நாம் குழம்புக்குப் போடுவது நாலு பேருக்குக் கால் டீஸ்பூன்.

அப்படியே சாப்பிட்டாலும் குர்குமின் ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு, கல்லீரல் உடனே பிடித்து வெளியேற்றிவிடும். மிளகு சேர்ப்பதன் கதை இதுதான். 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில், 2 கிராம் குர்குமினோடு மிளகில் உள்ள பைப்பரின் 20 மி.கி. சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடியது. 2000 சதவீதம் என்று உங்கள் டப்பாவில் இருப்பது அங்கிருந்து வந்த எண். 20 மடங்கு என்றால் பெரிதாகத்தான் கேட்கிறது, ஆனால் ஒன்றுமில்லாததற்குப் பக்கத்தில் இருந்த ஒன்றின் 20 மடங்கு அது.

மனிதர்களில்? அமெரிக்காவில் ஏற்கெனவே மறதி நோய் வந்தவர்களுக்கு 24 வாரம், நாளுக்கு 2 கிராம், 4 கிராம் என்று குர்குமின் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. நோய் வராத 40 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, நன்றாக உறிஞ்சப்படும்படி தயாரித்த குர்குமினை ஒன்றரை வருடம் கொடுத்த இன்னொரு ஆய்வில் (2018) ஞாபகச் சோதனையில் முன்னேற்றம் இருந்தது. 40 பேர் என்பது உங்கள் ஒரு வகுப்பைவிடக் குறைவு. அதை வைத்து ஊருக்கே மருந்து எழுத முடியாது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மற்றச் சத்துகளை (ஆன்டிஆக்சிடன்டுகளை) பெரிய அளவில் பார்த்தபோது இன்னும் ஏமாற்றம். ஜின்கோ என்ற மரத்தின் இலைச் சாற்றை 3,069 முதியவர்களிடம் சுமார் ஆறு வருடம் சோதித்தார்கள், வைட்டமின் ஈ-யையும் செலினியத்தையும் 7,500-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் சோதித்தார்கள். இரண்டுமே மறதி நோயைத் தடுக்கவில்லை.

பால் பொங்கி வரும்போது தண்ணீரைத் தெளித்தால் ஒரு நிமிடம் அடங்கும். அடுப்பைக் குறைக்காமல் தெளித்துக்கொண்டே இருந்தால் பால்தான் தண்ணீராகும். 8.4-ம் 150/90-ம் உங்கள் அடுப்பு. எலிக்கு வேலை செய்தது மனிதரில் ஏன் இறங்கவில்லை என்று என்னைக் கேட்டால் என் கணிப்பு இதுதான்.

'இயற்கைதானே, கெடுதல் இல்லை' என்ற நினைப்பு

அளவைக் கூட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூட்ட வேண்டாம், இருப்பதையும் நிறுத்துங்கள் என்பது என் ஆலோசனை. மஞ்சள் கேப்ஸ்யூலால் கல்லீரல் பாதிக்கப்பட்ட பத்து பேரின் விவரத்தை 2022-ல் அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் மருத்துவர் குழு வெளியிட்டது. அதில் ஒருவர் இறந்துபோனார். சிலர் சாப்பிட்டதில் மிளகும் சேர்ந்திருந்தது, உறிஞ்சுவதைக் கூட்டினால் கெடுதலும் கூடவே போகலாம். இது அபூர்வம், பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் வல்லாரைப் பொடியும் சேர்த்துச் சாப்பிடுகிறீர்கள், வல்லாரையைச் செறிவாகச் சாப்பிட்டுக் கல்லீரல் அழற்சி வந்த நோயாளிகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். கண் மஞ்சள், சிறுநீர் கறுத்துப் போவது, அரிப்பு, சோர்வு, பசியின்மை இதில் எது இருந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். எப்படியும் ஒரு கல்லீரல் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

உங்கள் வீட்டுக்காரர் விஷயம் இன்னும் அவசரம். ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினோ குளோபிடோகிரெலோ சாப்பிடுவார். செறிவான குர்குமினும் ரத்தம் உறையும் வேகத்தைக் குறைக்கலாம், பைப்பரின் வேறு மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடலாம். அவர் கேப்ஸ்யூலை நிறுத்தட்டும். ஸ்டென்ட் மாத்திரையை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது, இதயநோய் டாக்டரிடம் கேப்ஸ்யூல் சாப்பிட்டதைச் சொல்லிவிடுங்கள். குழம்பில் போடும் மஞ்சளுக்கு இது எதுவும் பொருந்தாது, அதைத் தாராளமாகப் போடுங்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக இருக்கும் உதிரித் தூளை மட்டும் தவிருங்கள். நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலப்பது நம் துணைக்கண்டத்தில் பிடிபட்டிருக்கிறது, ஈயம் மூளைக்கு நேரடி விஷம். கிழங்கு வாங்கி அரைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது.

செடிகொடிகளை விட்டுவிடச் சொல்லவில்லை

மாத்திரையில் அடைத்த ஒற்றைச் சத்து தோற்றது என்பதால் கீரையும் காயும் வீண் என்று ஆகாது. பின்லாந்தில் 1,260 பேரில் பாதிப் பேரிடம் உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தம் முதலானவற்றின் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு வருடம் செய்து பார்த்தார்கள், 2015-ல் முடிவு வந்தது. அறிவாற்றல் சோதனையில் அவர்கள் மற்றவர்களைவிட முன்னேறினார்கள். ஒன்றை மட்டும் பிரித்து இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது, எனக்கு அதில் பிடித்ததும் அதுதான்.

வல்லாரைத் துவையல் வாரம் இரண்டு நாள் தாராளமாக. வல்லாரையும் நீர்ப்பிரமியும் வேறு வேறு செடிகள், இரண்டையும் 'பிராமி' என்றே விற்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். முழு நெல்லிக்காய் நல்லது. தேன் நெல்லி வேண்டாம், அது சர்க்கரைப் பாகில் ஊறியது. நாவல் பழம், கத்தரிக்காய்த் தோல், கருப்பு கவுனி இவற்றின் கருநீலம் ஒரே குடும்பத்து நிறமி. ஆனால் கருப்பு கவுனி அரிசிதான், கறுப்பாக இருப்பதால் அளவில்லாமல் சாப்பிட முடியாது. கறிவேப்பிலையை ஒதுக்காமல் மென்று விடுங்கள். தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு பருப்போ சுண்டலோ, மீதி கால் பங்கில் சாதம். சர்க்கரை அதிலேயே கொஞ்சம் இறங்குவதைப் பார்ப்பீர்கள்.

ரத்த அழுத்தத்தைப் பற்றி நீங்கள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, மூளைக்கு நான் முதலிடம் கொடுப்பது அதற்கு. சீனக் கிராமங்களில் ஏறத்தாழ 34,000 பேரில் சுமார் பாதிப் பேருக்கு நான்கு வருடம் ரத்த அழுத்தத்தை நன்றாகக் குறைத்துப் பார்த்த ஆய்வு 2025-ல் வெளியானது. மற்றவர்களைவிட அவர்களுக்கு மறதி நோய் 15 சதவீதம் குறைந்தது. எந்த மூலிகைக் கேப்ஸ்யூலும் இப்படி ஓர் எண்ணைக் காட்டவில்லை. 130/80-க்குக் கீழே கொண்டுவருவது பற்றி டாக்டரிடம் பேசுங்கள். சர்க்கரையில் எச்பிஏ1சி 7-ஐ ஒட்டி வந்தால் போதும், அதுவும் இறங்கிப்போகாமல். அதை 6-க்குக் கீழே கொண்டுவரப் பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வில் நினைவாற்றலில் பலன் தெரியவில்லை, இறப்பு கூடியதால் 2008-ல் அந்தப் பகுதியையே நிறுத்தினார்கள்.

அம்மாவுக்கு வந்ததால் எனக்கும் வந்தே தீரும் என்று எழுதியிருக்கிறீர்கள். வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்தான், அதற்காக விதி எழுதியாகிவிட்டது என்று இல்லை. ஆறு வருடம் ராத்திரி தூங்காமல் அம்மாவைப் பார்த்து, எட்டு மாதம் முன்பு இழந்து, அதற்கிடையில் பள்ளிக்கூடத்திலிருந்தும் ஓய்வுபெற்று வந்திருக்கிறீர்கள். துக்கமும் தூக்கமின்மையும் மறதி மாதிரியே வரும், மனச்சோர்வில் பெயர்கள் நிஜமாகவே நாக்கில் நிற்கும். அழுகை அடிக்கடி வருகிறதா, விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறதா, குறட்டை விடுகிறீர்களா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். காது சரியாகக் கேட்கிறதா என்றும் பாருங்கள், பெயர் சரியாகக் காதில் விழாவிட்டால் ஞாபகத்தில் எப்படி நிற்கும்?

டாக்டரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: பி12, தைராய்டு, கல்லீரல், கிட்னி, ஹீமோகுளோபின், எச்பிஏ1சி. கடிகாரம் வரையச் சொல்லும் பத்து நிமிட நினைவாற்றல் சோதனை தமிழிலும் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். இப்போது எடுத்த மதிப்பெண் கையில் இருந்தால் ஒரு வருடம் கழித்து ஒப்பிடலாம். கேப்ஸ்யூல், பொடி டப்பாக்களையும் பையில் போட்டுக்கொண்டு போய் மேசையில் வையுங்கள், அவர் திட்டினாலும் பரவாயில்லை. ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். ஆறு பக்கம் வேண்டாம், பி12 எவ்வளவு, காலையில் சாப்பிட ஆரம்பித்த பிறகு 11 மணிச் சர்க்கரை எவ்வளவு, இந்த இரண்டை முதலில் எழுதுங்கள்.